இன்னிக்கு யார் பாடு?

எங்கள் குப்பத்தில் எனக்குப் 'படம் படிச்சவன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெருமையாக நினைத்துவிடாதீர்கள். ஊரே படம் பார்த்தது, இவன் ஒருத்தன்தான் அதைப் படித்தான் என்று சித்தப்பா பொங்கிப் பொங்கிச் சிரித்துச் சூட்டிய பெயர் அது. 1991-ல் சூட்டினார், இன்றைக்கும் நிற்கிறது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் எங்கள் ஊர். பெரியம்மா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அந்தக் காலத்தில் பந்தல், சீர்வரிசை, பிரியாணி எல்லாம் இருந்தும் ராத்திரிக்கு டெக் போடவில்லை என்றால் விசேஷம் நடந்ததாகவே கணக்கில்லை. டி.வி., டெக், 3 கேசட் எல்லாம் பொன்னேரியில் வாடகைக்குக் கிடைக்கும். சித்தப்பாவோடு என்னையும் அனுப்பினார்கள். ஆர்டர் தெளிவானது: ஒரு எம்.ஜி.ஆர்., ஒரு ரஜினி, ஒரு சாமி படம்.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. வாரப் பத்திரிகைகளில் சினிமா விமர்சனத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, உலகத்தில் நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று தீர்ப்புச் சொல்லும் வயது. சித்தப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் சாமி படத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' கேசட்டைப் பைக்குள் போட்டேன். பஸ்ஸில் டி.வி.யைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சித்தப்பா. படகில் ஏற்றும்போது அதற்குக் கோணிப்பை போர்த்தி, தான் நனைந்தார். பையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது.

முதலில் எம்.ஜி.ஆர். ஓடினார். பந்தலில் விசில். நடுநிசிக்கு மேல் என் கேசட். 1979-ல் வந்த அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கு முடிவு ஞாபகம் இருக்கும். பெண்டாட்டியை வதைத்துத் தீர்த்த சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகும். அவனே இறங்கிச் சாக வேண்டும். ஆறு அவனை விழுங்கும். தமிழ் சினிமாவிலேயே பெரிய காட்சி அது என்று நான் படித்திருந்தேன். பந்தலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் ஆயா கேட்டாள்:

"ஏன்டா, ஆத்துல எறங்கினா செத்துடுவானா? நீச்சல் தெரியாதா அவனுக்கு?"

சித்தப்பா பிடித்துக்கொண்டார். "நம்மூர்ல அஞ்சு வயசுப் புள்ள முகத்துவாரத்துல எதிர்நீச்சல் போடுது. இவன் இடுப்பளவு தண்ணிக்குச் சாவுறானா?"

"அது நீச்சல் இல்ல ஆயா, மனசாட்சி" என்றேன் நான்.

"மனசாட்சி இருந்தா நீச்சல் மறந்துடுமா?"

பந்தல் சிரித்த சிரிப்பில் டி.வி. ஆடியது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணு குந்திக்கினு கீற பந்தல்ல, பொண்டாட்டிய வதைக்கிறவன் கதைய எடுத்தாந்தியேடா" என்று சொல்லிவிட்டு சாமி படம் எங்கே என்று கேட்டாள். மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். படத்துக்கு அழுதாளா, தன் விசேஷம் கெட்டதற்கு அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்க தைரியம் இல்லை.

தப்பு படத்தில் இல்லை, வரிசையில்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த மனநிலைக்கு எந்தப் படம் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தே தீர வேண்டும். கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்தபோது அந்தக் கணக்கு கையில் கிடைத்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்கிறார். ஒவ்வொன்றும் நான்கு காரணத்தால் பிறக்கும். ஆக 32. எனக்குப் புல்லரித்துவிட்டது. 192 பக்க நோட்டு ஒன்று வாங்கி, 32 தலைப்புப் போட்டு, அதனதன் கீழே படப் பெயர்களை எழுதத் தொடங்கினேன். பெருமிதத்துக்குப் பக்கம் பக்கமாகப் படம் கிடைத்தது, எல்லாம் எம்.ஜி.ஆர். அழுகைக்கான நான்கு காரணங்களில் வறுமை ஒன்று. அதற்குத் தமிழ் சினிமாவில் இடம் போதாமல் பின்அட்டை வரை போனேன். நகை பிறக்கும் நான்கு காரணங்களில் பேதைமையும் மடமையும் உண்டு. அந்தத் தலைப்பின் கீழ் என் பெயரையே எழுதியிருக்கலாம்.

அதே நோட்டில்தான் அடுத்த விபத்துக்கும் அடி போட்டேன். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். எங்களுடையது நெய்தல் நிலம். ஆகவே எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிடிக்கக்கூடிய படம், கடற்கரையில் நின்று ஏங்கும் ஒரு பெண்ணின் படம். இலக்கணம் படித்தவனுக்கு எவ்வளவு சுலபமாக முடிவுக்கு வர முடிகிறது பாருங்கள். வேலைக்குப் போய் ஒரு டி.வி.டி. பிளேயர் வாங்கியதும் வீட்டுக்கு எடுத்துப்போன முதல் படம் 'செம்மீன்'. 1965-ல் ராமு காரியாட் எடுத்தது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் தென்னிந்தியப் படம்.

திண்ணையில் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கூடை வைத்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். இறால் உரிக்கும் கைக்குக் கண் தேவையில்லை. தலையைத் திருகினால் ஒரு பக்கம், ஓட்டைத் தள்ளினால் ஒரு பக்கம், சதை அலுமினியத் தட்டில் 'தொப்'. பார்வை திரையில் இருக்கும், கை தன் பாட்டுக்கு ஓடும். இதைவிட நல்ல அரங்கம் எனக்கு எங்கே கிடைக்கும்? மலையாளம் அவர்களுக்குப் புரியாது என்பதால் நான் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கதையின் ஆணிவேர் ஒரு நம்பிக்கை: கரையில் இருக்கும் மனைவி நெறி தவறாமல் இருந்தால்தான் கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவான்.

நான் சொல்லி முடித்ததும் தட்டில் விழும் 'தொப்' சத்தம் நின்றது.

"அப்ப மோட்டார் கெட்டு நின்னா?" என்றாள் அக்கா.

"அதுக்கும் நாமதான்" என்றாள் பெரியம்மா.

"வலைய எவனாவது அறுத்துட்டா?"

"அதுக்கும்."

"சரி, கடலுக்குப் போறவன் ஒழுங்கா கீறானான்னு யாரு பாக்குறது?" என்று அம்மா கேட்டாள். இதற்கு என் மொழிபெயர்ப்பில் பதில் இல்லை. தகழியின் நாவலில் இருக்கிறதா என்று அப்புறம் தேடினேன், அங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. மிச்சப் படத்துக்கு நான் ஒரு வரி சொன்னால் அவர்கள் மூன்று வரி பேசினார்கள். கருத்தம்மா ஏங்கினாள், திண்ணை சிரித்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மார்கஸ் பார்ட்லி படமாக்கிய கடலை மூன்று பேரும் வாய் மூடிப் பார்த்தார்கள். "தண்ணிய நல்லா எடுத்துக்கிறான்" என்று அம்மா சொன்னது நான் கேட்டதிலேயே சுருக்கமான விமர்சனம்.

இந்த இரண்டையும் நான் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பதுண்டு. மூன்றாவதைச் சொன்னதில்லை.

2023 ஜூலை 14. மதியம் 2.35-க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் சந்திரயான்-3 கிளம்பியது. எங்களுக்கு அது அடுத்த வீட்டு வாணம் மாதிரி. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். ஆம்பளைகள் எல்லாரும் கரையில், கையில் வேலையில்லை. புகைக்கோடு மேலே போனதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். இந்த மனநிலைக்கு என்ன படம்? விண்வெளிப் படம்தான். அலுவலகத்தில் கெஞ்சி வாங்கி வந்த புரொஜெக்டர் கையில் இருந்தது. இருட்டியதும் சுவரில் அண்ணனின் வேட்டியைக் கட்டி 2018-ல் வந்த 'டிக் டிக் டிக்' போட்டேன். நோட்டில் மருட்கை என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்திருந்த படம்.

படம் தொடங்கியதும் விண்கல் ஒன்று எண்ணூரில் விழுகிறது. எண்ணூர் எங்களுக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் வரும் ஊர்; பாதிப் பேருக்கு அங்கே சம்பந்தி. பையன்கள் கைதட்டினார்கள். அடுத்து, இன்னும் பெரிய கல் ஒன்று வங்கக் கடலில் விழப்போகிறது, அதனால் எழும் அலை கரையை எல்லாம் அழித்துவிடும் என்று அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள்.

பெரியம்மா எழுந்தாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியில் ஓடும் வெளிச்சத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே அக்கா. அப்புறம் அம்மா. 2004 டிசம்பர் 26 காலையில் இவர்கள் இப்படித்தான் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அன்றைக்குச் சென்னையில் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

யாரும் திட்டவில்லை. சித்தப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை. நான் நிறுத்தினேன். ஒரு பையன் தன் போனை மாட்டி வடிவேலு காமெடி போட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுகள் திறந்தன. அன்றைக்கு ராத்திரியே நோட்டைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

ஊருக்கு வேண்டிய படம்தான் எனக்குத் தெரியவில்லை, எனக்கு வேண்டிய படமாவது தெரியுமா? வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பரோட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு போனைத் தடவத் தொடங்குவேன். கனமான படமா, இன்று வேண்டாம். லேசான படமா, மட்டமாக இருக்கும். பார்த்ததா, பார்த்தாச்சு. பார்க்காததா, எப்படியிருக்குமோ. 10 மணிக்குப் பரோட்டா தோலாகிவிடும். கடைசியில் ஏதோ ஒரு படத்தின் டிரெய்லரை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தூங்குவேன். இது என் ஒருவனின் வியாதி இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். ரசிகனுக்கு எது பிடிக்கும் என்பதைத் தன்னைவிட 10 சதவீதம் சரியாகக் கணித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃப்ளிக்ஸ் 2006-ல் போட்டி வைத்தது. மூன்று வருஷம் உலகத்துக் கணக்குப் புலிகள் எல்லாம் முட்டி மோதி 2009-ல் ஒரு கூட்டணி ஜெயித்தது. பரிசைக் கொடுத்தார்கள், ஜெயித்த கணக்கை முழுசாகப் பயன்படுத்தவில்லை. ஏதாவது ஒன்றை நீயே போடு என்று சொல்ல 2021-ல் ஒரு பொத்தான் வைத்தார்கள். அதையும் பிறகு எடுத்துவிட்டார்கள். 32 தலைப்பு நோட்டுக்காரன் எம்மாத்திரம்!

தீர்வைக் கண்டுபிடித்தது எங்கள் அண்ணி. அண்ணி கண்டுபிடித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏரியிலிருந்து எடுத்து வந்தாள். எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இறால் எங்கே படும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அங்கேயே போய்ச் சுத்து வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுக் குலுக்கி, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை அடுத்தவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். தன் முறை வந்த நாளில் இறால் பட்டால் அதிர்ஷ்டம், படாவிட்டால் அடுத்த முறை. எல்லா ஊருக்கும் இந்த உரிமை கிடையாது, அதில் ஊருக்கு ஊர் மனத்தாங்கல் உண்டு. பெண்களுக்கும் பாடு கிடையாது. அதனால்தானோ என்னவோ, படத்துக்குப் பாடு வைத்தபோது அண்ணி முதல் சீட்டிலிருந்து வரிசையாகப் பெண்கள் பெயராக எழுதினாள்.

சனிக்கிழமை ராத்திரி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் 14 சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவர் சொல்லும் படம். மறுத்துப் பேசுகிறவருக்கு ஒரு முறை போச்சு. ஒரு சுற்று முடிந்தால்தான் மறுபடி குலுக்கல். ஒரு வாரம் பேரன் சீட்டு வந்தது, ஊரே கார்ட்டூன் பூனையைப் பார்த்தது. சித்தப்பா கடைசிவரை அந்த எலி பிடிபடும் என்று காத்திருந்தார்.

அம்மா பெயர் வந்தபோது 'படகோட்டி' என்றாள். 1964-ல் வந்த வண்ணப்படம், எல்லாப் பாட்டும் வாலி. மீனவக் கூட்டம் இரண்டின் பகையைப் பற்றிய கதை என்பதால் தன் வாழ்க்கையைப் பார்க்கிறாள் என்று நான் உள்ளுக்குள் பத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். எதற்கும் கேட்டு வைப்போம் என்று கேட்டேன். "இந்தப் படத்துக்குத்தான்டா எங்க நைனா என்ன டூரிங் கொட்டகைக்குக் கூட்டிக்கினு போச்சு. அன்னிக்கு எனக்கு மட்டும் தனியா வேர்க்கடல வாங்கிக் குடுத்துச்சு" என்றாள். 32-ல் வேர்க்கடலை இல்லை.

போன மாதம் என் சீட்டு வந்தது. இத்தனை வருஷப் பழியைத் துடைக்க ஒரே வாய்ப்பு. அம்மாவுக்குச் சிரிப்பு வேண்டும், பெரியம்மாவுக்கு அலை கூடாது, சித்தப்பாவுக்குச் சண்டை வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்டலாம் என்றிருக்க வேண்டும். தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது 40 நிமிஷம் ஆகியிருந்தது, பாதிப் பேர் பாயில் சாய்ந்திருந்தார்கள். அண்ணி ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அடுத்த சீட்டை எடுத்தாள். அன்றையிலிருந்து புது விதி: 10 நிமிஷத்துக்குள் படம் சொல்லாவிட்டால் பாடு கைமாறும். குப்பத்தில் தன் பாட்டைத் தானே தவறவிட்ட ஒரே ஆள் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்தச் சுற்று முடிய இன்னும் 9 வாரம் இருக்கிறது. உங்களுக்கு நல்ல படம் ஏதாவது தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், அண்ணியிடம் சொல்லுங்கள். தமிழில் இருக்கட்டும், இரண்டரை மணி நேரத்துக்குள் முடியட்டும், யாரையும் தண்ணீரில் சாகடிக்காமல் இருக்கட்டும்.