அட்ராசிட்டி

சோளிங்கர் மலைக்கு யார் போய்வந்தாலும் முதலில் சொல்வது குரங்குகளின் அட்ராசிட்டியைத்தான். 2024இல் ரோப் கார் வந்துவிட்டதால் 1,305 படி ஏறாமலே யோக நரசிம்மரைச் சேவிக்கலாம். படிவழியே போகிறவர்கள்தான் கையில் கோலோடு ஏறவேண்டும். தேங்காய்ப் பையைப் பிடுங்கினால் அட்ராசிட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடினாலும் அட்ராசிட்டி. சுவரில் கிறுக்கும் குழந்தை, கல்யாண மண்டபத்தில் ஆட்டம் போடும் மாப்பிள்ளைத் தோழர்கள், டிவி செய்தியில் வரும் போதை ஆசாமி என்று எல்லாருக்கும் இதே சொல்.

நான் அதை முதலில் கேட்டது பெரியப்பாவிடம். வாலாஜா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர் அவர். சோளிங்கர் அன்று அந்தத் தாலுகாவில் இருந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 செப்டம்பரில் வந்தது. அதே மாதக் கடைசியில் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, எங்கள் பக்கம் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆனது. மனுவில் அந்தப் பெயரைப் பெரியப்பா ஒருநாளும் சுருக்கி எழுதியதில்லை.

சட்டம் 1990 ஜனவரி 30 முதல் அமலுக்கு வந்தது. மனு எழுத வந்தவர்கள் 1955ஆம் வருடக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பழக்கத்தில் "பி.சி.ஆர். கேஸ் போடணும்பா" என்பார்கள். "இது வேற, அட்ராசிட்டி ஆக்ட்" என்று பெரியப்பா திருத்துவார். பிறகு கேள்விகள் தொடங்கும். எந்த இடம்? என்ன வார்த்தை சொன்னான், அப்படியே சொல்லு. பக்கத்தில் யார் நின்றார்கள்? நாலு பேர் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தினால்தான் சட்டத்தின் அவமதிப்புப் பிரிவு பொருந்தும் என்பதால், பட்ட அவமானத்தை அந்த மனிதர் இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சில பெண்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பெரியப்பா பேனாவை மூடிவைத்துவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

சட்டம் அட்ராசிட்டி என்று சொன்னவை என்னென்ன? தின்னத் தகாததை வாயில் திணிப்பது. ஆடை உரிந்து தெருவில் நடத்துவது. குடிதண்ணீரை அசுத்தப்படுத்துவது. வழக்கமாகப் போய்வரும் பாதையை மறிப்பது. முன்ஜாமீன் கிடையாது. டி.எஸ்.பி.க்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது என்று 1995 விதிகள் சொல்லின. அந்தச் சொல்லுக்குப் பின்னால் 1968இல் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 தலித்துகளின் உயிர்கள் இருந்தன.

1990களின் பின்பாதியில் மாவட்டப் பெயரிலிருந்து அம்பேத்கர் போனார். வேலூர் ஆனோம், 2019இல் ராணிப்பேட்டை ஆனோம். ஊர்ப் பெயர்ப் பலகை மாறியதைவிட இந்தச் சொல் சிரிப்பாய்ப் போனதுதான் எனக்கு வலிக்கிறது. அடிபட்டவன் ஸ்டேஷனில் போய்ச் சொல்லவேண்டிய சொல் இது. கேட்கிறவன் காதில் அது ஏற்கெனவே வேடிக்கையாய் விழுந்து பழகியிருந்தால் அவன் எதைச் சொல்லி முறையிடுவான்? குரங்குக்குச் சேட்டை இருக்கிறது. பிள்ளைக்குக் குறும்பு, வால்தனம். குடிகாரனுக்கு ரகளை, அலப்பறை. தமிழில் இதற்கா பஞ்சம்?

இதைச் சொன்னபோது, "அப்போ அட்ராசிட்டின்னா இன்னா மாமா?" என்றான் தங்கை மகன். வாணியம்பாடி நாராயணபுரத்தைச் சொன்னேன். 2019 ஆகஸ்டில் சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் அடைபட்டுவிட, ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி, சுமார் 20 அடி கீழே இறக்கினார்கள். வீடியோ பரவியபின் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வீடியோவைத் தேடி எடுத்து அவனும் பார்த்தான்.