நாற்பத்தொன்பது புலவரும் வாய்பேசாத ஒரு பிள்ளையும்

போன மழைக்காலத்தில் ஏரியூரில் ஓர் இலக்கியச் சங்கம் தொடங்கினோம். டீக்கடை பெஞ்சில் பதினொரு பேர். தலைவர் ஒருவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர் ஒருவர், இணைச்செயலாளர் இருவர், பொருளாளர் ஒருவர், கௌரவ ஆலோசகர் ஒருவர், சட்ட ஆலோசகர் ஒருவர். ஆக, பத்துப் பேருக்குப் பதவி ஆயிற்று. பதினொன்றாவது ஆள் வெறும் உறுப்பினர். "எல்லாரும் பெரிய மனுசங்க, நான் மட்டும் உறுப்பினரா? அவமானப்படுத்தறதுக்குன்னே கூப்பிட்டீங்களாண்ணா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாகமரை பஸ் ஏறிவிட்டார். உறுப்பினரே இல்லாத சங்கம் ஆகிப் போனோம். அவரை யார் போய்ச் சமாதானம் செய்வது என்று ஆராய உடனே ஒரு துணைக்குழு போட்டோம். அது இன்னும் கூடவில்லை.

மினிட்ஸ் நோட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. கை வலிக்கும், பெயர் வராது. அது என் தலையில் விழுந்தது. அன்று ராத்திரி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், தமிழில் சங்கம் என்று ஒன்று தோன்றிய நாள் முதல் இதே கதைதான் ஓடுகிறது என்று பட்டது.

முச்சங்கத்துக்கும் நம்மிடம் இருக்கிற மினிட்ஸ் நோட்டு ஒன்றே ஒன்று, இறையனார் களவியல் உரை. அதன்படி முதற்சங்கத்தில் 549 பேர், இருந்த காலம் 4,440 வருஷம். உறுப்பினர் பட்டியலில் அகத்தியர் முதலில் வருகிறார், சிவபெருமான் இரண்டாவது, பிறகு முருகன், முரஞ்சியூர் முடிநாகராயர், நிதியின் கிழவன். நிதியின் கிழவன் என்றால் குபேரன். பொருளாளர் தேர்தலில் போட்டியே இருந்திருக்காது. சந்தா பாக்கி என்று யார் வீட்டுக் கதவையும் தட்டாத ஒரே பொருளாளர் அவராகத்தான் இருக்கும். கடவுள் உட்கார்ந்திருக்கும்போது அகத்தியர் பெயர் எப்படி முதலில் வந்தது என்று கேட்பீர்கள். அழைப்பிதழ் அச்சடித்த அனுபவம் உள்ளவர்கள் கேட்க மாட்டார்கள்.

4,440 வருஷம் கூடிப் பேசியதில் மிஞ்சியது என்ன? பரிபாடல், முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று பெயர்கள் இருக்கின்றன. கடல் கொண்டுவிட்டது. இடைச்சங்கம் கபாடபுரத்தில், 59 பேர், 3,700 வருஷம். அதையும் கடல் கொண்டுவிட்டது. கோப்பைக் கேட்டால் கையை விரிக்கும் செயலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கரையான், மழை ஒழுகல், போன செயலாளர் என்று ஏதாவது சொல்வார்கள். சமுத்திரத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள் இவர்கள்தான். மூன்றாம் முறை இடத்தேர்வுக் குழுவுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்க வேண்டும். கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, இன்றைய மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கணக்கையும் ஒரு தரம் பார்த்துவிடலாம். கடைச்சங்கம் 49 பேர், 1,850 வருஷம். 4,440, 3,700, 1,850 இந்த மூன்றையும் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மிச்சமில்லாமல் வந்து நிற்கும். கூட்டினால் 9,990, பத்தாயிரத்துக்குப் பத்துக் குறைவு. செருப்புக்கடை விலைச்சீட்டு மாதிரி இருக்கிறது. இதற்கு 197 பாண்டியர்கள். ஆளுக்குச் சராசரி ஐம்பது வருஷ ஆட்சி வருகிறது. சங்கத்தில் இரங்கல் தீர்மானம் எழுதும் வேலை குறைவாக இருந்திருக்கும். எங்கள் ஒன்றிய ஆபீஸ் தணிக்கைக்காரர் இந்த நோட்டைப் பார்த்தால் டீயைக்கூடத் தொடமாட்டார்.

நூலைச் சரிபார்க்கும் குழுவின் லட்சணம் தொல்காப்பியர் காலத்திலேயே தெரிந்துவிட்டது. நச்சினார்க்கினியர் சொல்கிற கதை இது. அகத்தியர் தன் மனைவி லோபாமுத்திரையை அழைத்துவரச் சீடன் தொல்காப்பியரை அனுப்புகிறார். நாலு கோல் தூரம் தள்ளியே வரவேண்டும் என்று நிபந்தனை. வைகையில் வெள்ளம் வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போகிறது. சீடன் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டிக் கரையேற்றிவிடுகிறான். குரு சந்தோஷப்பட வேண்டாமா? இடைவெளி விதியை மீறினீர்கள், இரண்டு பேருக்கும் சொர்க்கம் கிடையாது என்று சபிக்கிறார். அவர்களும் பதிலுக்கு அதையே அவர் தலையில் கட்டுகிறார்கள். அப்புறம் தொல்காப்பியம் அரங்கேற வருகிறது. நூலைக் கேட்க வேண்டியவர் அதங்கோட்டாசான். "அவன் நூலைக் கேட்காதே" என்று அகத்தியர் சொல்லி வைத்துவிட்டார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்று நிற்கிறார். இரண்டு பக்கமும் பகைக்க முடியாத ஆசான், நூலைக் கேட்பது, கேட்ட இடமெல்லாம் குற்றம் சொல்வது என்று நடுவழி கண்டுபிடித்தார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி ஜெயித்தார். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கதையின் பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தருமி விவகாரத்தை 1965-இல் திருவிளையாடல் படத்தில் நாகேஷ் முடித்து வைத்துவிட்டார், நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஒரு நிர்வாகச் சந்தேகம் மட்டும். திருவிளையாடற் புராணக் கணக்கில் சிவபெருமானே கடைச்சங்கத்தின் நாற்பத்தொன்பதாவது உறுப்பினர். தன் சங்கத்துப் பரிசுக்குத் தானே எழுதி, இன்னொருவர் பெயரில் அனுப்பலாமா? துணை விதியில் எந்தப் பிரிவு?

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கதை பொருளதிகாரக் கதை.

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். சோறு போட முடியாது, போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசன் புலவர்களை அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபின் ஆள் அனுப்பித் தேடுகிறான். எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், யாப்பு தெரிந்தவர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பொருள் தெரிந்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை. எழுத்தும் சொல்லும் இருந்து பொருள் இல்லாமல் போனது அரசனுக்குப் பெரிய கவலை. அதற்கப்புறம் எத்தனையோ கருத்தரங்குகள் பொருள் இல்லாமலே நடந்து, மதியச் சாப்பாட்டோடு முடிந்திருக்கின்றன என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

அவன் கவலையைப் பார்த்து ஆலவாய் இறைவன் 60 சூத்திரம் செய்து, மூன்று செப்பேட்டில் எழுதித் தன் பீடத்துக்கு அடியில் போட்டு வைத்தார். ஏன் அங்கே என்றால், மேசைமேல் வைத்தால் தீர்மானம் போட்டு ஒத்திவைப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். பூசை செய்கிறவர் கோயிலை எல்லாம் பெருக்குவாராம், பீடத்தின் அடியில் மட்டும் அதுவரை ஒருநாளும் பெருக்கியதில்லையாம். அன்றைக்கு என்ன தோன்றியதோ, துடைப்பத்தை உள்ளே விட்டார், ஏடு வந்தது. அகப்பொருள் இலக்கணம் நமக்குக் கிடைத்தது ஒரு துடைப்பத்தின் தயவு.

அரசன் ஏட்டைச் சங்கத்தாரிடம் கொடுத்தான். எல்லாரும் பலகை ஏறி உட்கார்ந்தார்கள், உரை சொன்னார்கள். ஆளுக்கு ஓர் உரை. எது சரி? அரசனிடமே போய், எங்களுக்கு ஒரு காரணிகனைக் கொடு என்றார்கள். காரணிகன் என்றால் நடுவன். அரசன் சொன்ன பதில் நியாயமானது: நீங்கள் நாற்பத்தொன்பது பேரும் நிகரில்லாதவர்கள், உங்களுக்கு மேல் ஒருவனை நான் எங்கே போய்ப் பிடிப்பது? விஷயம் திரும்ப இறைவனிடம் போனது. நடுச்சாமத்தில் குரல் கேட்டது. இந்த ஊரிலேயே உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் இருக்கிறான், வயது ஐந்து, வாய் பேசமாட்டான், அவனை உட்காரவைத்து உரையைச் சொல்லுங்கள், மெய்யான உரை கேட்டால் கண்ணீர் விடுவான், மயிர் சிலிர்ப்பான்.

போனார்கள். வெள்ளை உடுத்தி, பூச்சூட்டி, பிள்ளையைப் பலகைமேல் ஏற்றி, தாங்கள் கீழே உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக உரை சொல்ல, பிள்ளை சும்மா இருந்தது. மருதன் இளநாகனார் சொன்னபோது அங்கங்கே சிலிர்த்தது. நக்கீரர் சொன்னபோது பதந்தோறும் கண்ணீர். ஐந்து வயதுப் பிள்ளை இலக்கண உரை கேட்டு அழுததில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. என் வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைகளே அழுதிருக்கிறார்கள். நாற்பத்தேழு பேர் பேசும்போது எப்படிச் சும்மா இருந்தது என்பதுதான் அதிசயம்.

ஆக, நக்கீரர் உரையே மெய்யுரை என்று தீர்மானம் நிறைவேறியது. இதில் கவனிக்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. இந்தக் கதையை நமக்குச் சொல்வது எந்த நூல்? நக்கீரரின் அதே களவியல் உரை. அது அவர் மகன், அந்த மகனிடம் கேட்டவர் என்று வழிவழியாக முசிறி ஆசிரியர் நீலகண்டனார்வரை வந்ததாக அதுவே சொல்கிறது. ஜெயித்த கோஷ்டிதான் மினிட்ஸ் எழுதியிருக்கிறது. மருதன் இளநாகனாரின் மாணவர்கள் ஒரு நோட்டுப் போட்டிருந்தால், பிள்ளை எங்கே எத்தனை சொட்டு விட்டது என்பதற்கு வேறு கணக்கு வந்திருக்கும்.

எங்கள் தகடூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் ஏமாளிகள். அதியமானின் கடைசிப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை, உரையாசிரியர்களும் புறத்திரட்டும் எடுத்து வைத்த பாட்டுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குக் கடல்கூடத் தேவைப்படவில்லை. தொண்டைநாட்டு உத்திரமேரூர்க்காரர்கள் விவரமானவர்கள். பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வாரியம் போடும் விதிகளைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். ஏரிக்கென்று தனியாக ஆறு பேர் வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தபந்தமும் மறுபடி குடவோலைப் பக்கமே வரக்கூடாது. இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் பொருளாளர், கல்வெட்டுக்கு இப்போது என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டார்.

பிற்காலத்தார் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மதுரையில் பேசப் போன பாண்டித்துரைத் தேவருக்குக் கம்பராமாயணமும் திருக்குறளும் அந்த ஊரில் தேடியும் கிடைக்கவில்லையாம். அந்தக் கோபத்தில் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் பிறந்தது. இரவல் புத்தகம் கிடைக்காமல் சண்டை போட்டவர்கள் உண்டு, சங்கம் வைத்தவர் அவர் ஒருவர்தான். 1964-இல் தில்லியில் தனிநாயக அடிகள் முயற்சியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. முதல் தலைவர் பிரான்ஸ்காரர் ழான் ஃபிலியோசா. தலைவரை வெளியூரிலிருந்து, கூடுமானால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது நல்ல ஏற்பாடு. உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து முறைக்க வேண்டியதில்லை.

1995-இல் தஞ்சாவூரில் அந்த மன்றத்தின் எட்டாவது மாநாடு முடிந்தது. ஒன்பதாவதைக் கோவையில் நடத்துவதாக 2009-இல் தமிழக அரசு அறிவித்தது. மன்றத் தலைவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, கட்டுரை எழுத ஆய்வாளர்களுக்கு அவகாசம் போதாது, தள்ளிவையுங்கள் என்றார். கட்டுரை எழுத நேரம் வேண்டும் என்று ஒரு தலைவர் கேட்டதை மாநாட்டு உலகம் அதற்குமுன் கேள்விப்பட்டிருக்காது. அவர் கேட்ட அளவு அவகாசம் கிடைக்கவில்லை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்ததற்கு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்று பெயர் வந்தது. அதனால் ஒன்பது என்ற எண் செலவாகவில்லை. கராஷிமா பதவி விலகினார். அந்த எண் 2015-இல் கோலாலம்பூர் போய்த்தான் செலவானது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருபது வருஷம். சங்க காலக் கணக்கில் இதெல்லாம் ஒரு டீ இடைவேளை.

போன வாரம் சந்தையில் பதினொன்றாவது ஆளைப் பார்த்தேன். கேழ்வரகு மூட்டையில் சாய்ந்து நின்றபடி, "அன்னிக்கு நோட்டுல என்னண்ணா எழுதினீங்க?" என்றார்.

"உறுப்பினர் மனமுவந்து வழிமொழிந்தார், அப்போது அவர் கண்களில் நீர் ததும்பியது" என்று எழுதியிருந்தேன். சொல்லவில்லை. நோட்டு மேட்டூர் அணைத் தண்ணீரில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.