பிரபுத்துவத்தின் அடுக்களைத் தோற்றம்: ஓர் ஆய்வு

ஆங்கிலேயரின் பிரபுத்துவம் வாள்முனையில் பிறந்ததா, நிலவுரிமையில் பிறந்ததா என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது அடுக்களையில் பிறந்தது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதற்சான்று ‘லார்டு’. பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்லாஃபோர்டு’. அதற்கும் முந்தைய வடிவம் ‘ஹ்லாஃப்வெர்டு’. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, ‘வெர்டு’ என்றால் காவலர். இந்த ‘ஹ்லாஃப்’தான் இன்று ‘லோஃப்’ என்று பேக்கரியில் விற்பனையாகிறது. ‘ஹ்’ இரண்டிலும் உதிர்ந்தது; பட்டத்தில் மட்டும் ‘ஃப்’பும் கரைந்தது. ரொட்டியைக் காவலரே கொறித்துத் தீர்த்திருக்கிறார் என்று கொள்ளவும் இடமுண்டு.

அவர் மனைவி ‘ஹ்லேஃப்டியே’, அதாவது ரொட்டிக்கு மாவு பிசைபவள்; இன்றைய ‘லேடி’. பிசைந்தவள் ஒருத்தி, காவல் நின்றவர் ஒருவர்! பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’வும், பால்பண்ணையைக் குறிக்கும் ‘டெய்ரி’யும் அவளுக்கு உறவுமுறைதான். மாவு பிசைந்த பணிப்பெண் பால் வேலைக்கும் போக, பெயரும் கூடவே போனது.

மூன்றாம் படியில் ‘ஹ்லாஃபேட்டா’, ரொட்டி தின்பவர். வேறொருவர் வீட்டுச் சோற்றில் வாழும் வேலையாள். கெண்ட் மன்னர் ஏதெல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் வெளியிட்ட சட்டத்தில் இவருக்கு விலையே போட்டிருக்கிறார்கள்: குடியானவரின் ரொட்டி தின்பவரைக் கொன்றால் 6 ஷில்லிங். அதே சட்டத்தில் முன்வரிசைப் பல் ஒன்றை உடைத்தாலும் 6 ஷில்லிங். கால் பெருவிரலைத் துண்டித்தால் 10. ஆக, வேலைக்காரர் ஒருவர் பல்லுக்குச் சமம், பெருவிரலுக்குக் கீழ். இக்கணக்கை ரொட்டி தின்பவர்களிடம் யாரும் கேட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

பிரபுக்கள் தம் பூர்வீகத்தை அடியோடு மறந்துவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சாண்ட்விச் என்ற ஊரின் பட்டப்பெயர் தாங்கிய நான்காம் பிரபு ஜான் மான்டேகு, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி வைத்த பண்டத்துக்குத் தம் பட்டத்தையே ஈந்தார். 1762-இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனின் நாட்குறிப்பிலேயே அது இடம்பிடித்துவிட்டது. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

நம் உயர் நீதிமன்றங்களிலும் ‘மை லார்ட்’ ஒலிக்கிறது. ‘என் ரொட்டிக் காவலரே’ என்பது அதன் வேர்ப்பொருள். காலனிய மிச்சம் என்று சொல்லி, 2006-இல் இந்திய பார் கவுன்சில் மாற்று விளிகளைப் பரிந்துரைத்தது. வழக்கறிஞர்கள் பலர் விட்டபாடில்லை. உணவு இடைவேளை நெருங்கும்போது அவ்விளியில் உருக்கம் கூடுகிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.