மூன்று நாள் தாமதம்

என் மகன் எப்போது பிறக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் கும்பகோணத்து ஜோசியர். ஆபரேஷன்தான் என்று ஆன பிறகு டாக்டரம்மா ஐந்து நாள் அவகாசம் கொடுத்து, "உங்க சௌகரியம்" என்று சொல்லிவிட்டார். அம்மா பஞ்சாங்கத்தோடு ஓடினாள். "டிசம்பர் 31 வேண்டாம், படிப்பு மந்தம். ஜனவரி 3 காலையில எடுத்தா கலெக்டர்" என்றார் ஜோசியர். 2012 ஜனவரி 3 காலையில் எடுத்தார்கள். அந்த மூன்று நாளுக்கு மலேசியாவில் ஒரு வருஷம் விலை என்பது ஜாதகக் கட்டத்தில் எந்த வீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மலேசியாவில் கூலிம்காரர். படிக்கச் சென்னைக்கு வந்தவர், படிப்பு முடிந்தும் திரும்பாததற்குக் காரணம் நான். பையனை 2015 ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். வயது மூன்றே முக்காலே அரைக்கால் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் மூன்று வருஷம் ஐந்து மாதம். இன்டர்வியூ உண்டு. படத்தைக் காட்டி என்ன பழம் என்று கேட்டார்கள். ஆப்பிளைப் பார்த்து "சப்போட்டா" என்றான். பிறகு எங்களை உட்காரவைத்து என்ன படித்திருக்கிறீர்கள், என்ன சம்பளம் என்று கேட்டார்கள். அதற்கு நாங்கள் சரியாகப் பதில் சொன்னதால் அவனுக்கு இடம் கிடைத்தது.

2016 டிசம்பரில் கூலிமுக்குக் குடிவந்தோம். 1996இல் திறந்த ஹைடெக் பார்க்கில் இவருக்கு வேலை. அப்போது பையன் யு.கே.ஜி.யில் பாதி. நூறு வரைக்கும் எழுதுவான், ஆங்கிலத்தைச் சேர்த்து எழுதுவான், பார்க்கிறவர்கள் கேட்காமலே பதினாறு ரைம்ஸ் சொல்லுவான். இப்படிப்பட்ட மேதையை எந்தப் பள்ளி கொத்திக்கொண்டு போகப்போகிறதோ என்ற கவலையோடு பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போனேன்.

தலைமையாசிரியர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். "2019 ஜனவரி வாங்கம்மா."

"சார், இது 2016."

"ஆமாம்மா. அதான் 2019."

கேஸ் சிலிண்டருக்குக்கூட நான் இவ்வளவு நாள் காத்திருந்ததில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். இங்கே ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் 31 வரை ஒரே வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பு. எந்த வருஷத்தில் ஏழு நிறைகிறதோ அந்த வருஷம் முதலாம் ஆண்டு. மூன்று நாள் முன்னால் பிறந்திருந்தால் 2018. நான் மனதுக்குள் ஜோசியரைத் தேடினேன்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வழி உண்டு. என் அப்பாவுக்குப் பிறந்தநாள் ஜூன் 1. பெரியப்பாவுக்கும் ஜூன் 1. அவர்களோடு படித்த பாதிப் பேருக்கும் ஜூன் 1தான். அந்தக் காலத்து அம்மாக்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு பெற்றார்கள் என்று நினைக்கக் கூடாது. வாத்தியார் பையனை நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயது ஐந்து. பள்ளி திறக்கிற மாதம் ஜூன், அதனால் பிறந்ததும் ஜூன். கை குட்டையாக இருந்த சித்தப்பா மட்டும் ஒரு வருஷம் மாடு மேய்த்துவிட்டு வந்தார்.

அந்த வித்தை இங்கே பலிக்காது. பிள்ளைகளுக்கு மைகிட் என்று ஒரு அட்டை. அதிலுள்ள அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. பையன் நெற்றியில் 120103 என்று பச்சை குத்தியதற்குச் சமம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது என்னடி ஊரு? ஏழு வயசு வரைக்கும் புள்ளைய என்ன பண்ணுவாங்க, ஊறுகாயா?" என்றாள். இணையத்தில் சட்டத்தைத் தேடினேன், சண்டைக்கு ஆயுதம் வேண்டுமே. 2003இலிருந்து மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அனுப்பாவிட்டால் ஜெயில், சீக்கிரம் அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அங்கேதான் எனக்கு அடி. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயதிலிருந்துதான் பேசுகிறது. மூன்றரை வயது என்று சொன்னது சட்டமே இல்லை, எதிர்வீட்டு மாமி.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை (இவருடைய அம்மா) ஒருநாள், கீரை ஆய்ந்தபடியே கேட்டார்: "ஏம்மா, நான் எப்ப ஸ்கூலுக்குப் போனேன் தெரியுமா?"

அத்தை பிறந்தது பாடாங் செராய் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தூளி, ஒரு ஆயா, முப்பது அழுகை. ஆயா நல்லவள்தான், ஆனால் அவளுக்கு இரண்டே கை. அதனால் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அதற்குத்தான்.

"தம்பிக்கு நடக்க வந்துச்சு. மறுநாள்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். என்னா வயசுன்னு கேட்டாங்க. எனக்கு என்னா தெரியும்? கிராணி ஆபிஸ்ல என்னமோ எழுதிக்கிட்டாங்க. ஐ.சி.யிலயும் அதான் இருக்கு."

"உங்களுக்கு உண்மையில் என்ன வயசு அத்தை?"

"அந்தக் கிராணியத்தான் கேக்கணும்."

அந்தத் தம்பி நடக்க ஒன்றேகால் வருஷம் ஆனதாம். சோம்பேறி என்று அத்தை இன்னமும் சொல்லுவார். அந்த மாமா இப்போது எழுபதை நெருங்குகிறார், தீபாவளிக்கு வந்தால் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறார். தோட்டத்தில் இப்போது கித்தா இல்லை, செம்பனை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தை அத்தை ஒரு மாமரத்தை வைத்து அடையாளம் காட்டினார்.

இவர் தன் பங்குக்கு வரலாறு பேசினார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் ஒரு தமிழ் வகுப்பு ஆரம்பித்ததை வைத்து அந்த ஆண்டுதான் இருநூறு வருஷ விழா கொண்டாடியிருந்தார்கள். "இருநூறு வருஷமா இங்க தமிழ் சொல்லித்தராங்க. இரண்டு வருஷத்துல மூடிட்டுப் போயிடுவாங்களா?"

ஆக, பாலர் பள்ளி. 2017இல் ஐந்து வயது வகுப்பு, 2018இல் ஆறு வயது வகுப்பு. முதல் வாரமே டீச்சர் என்னைக் கூப்பிட்டார். மேதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பட்டுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். "கொஞ்ச நாளைக்கு இவன எழுத விடாதீங்கம்மா. பென்சில எப்படிப் பிடிக்கிறான் பாருங்க" என்றார். பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டு, பால் வெட்டுகிற கத்தியைக்கூட யாரும் இப்படி முறைத்துப் பிடிக்க மாட்டார்கள் என்றார். மூன்று வயதுக் கையில் சேர்த்து எழுதவைத்த சன்மானம். பிறகு ஒரு வருஷம் களிமண் பிசைந்தான், பெயின்ட்டில் கை முக்கினான், மத்தியானம் தூங்கினான். பதினாறு ரைம்ஸில் பதினான்கு மறந்துபோனது. முதலில் கற்ற மலாய் "சிகு, நாக் பாலிக்". டீச்சர், வீட்டுக்குப் போகணும். உச்சரிப்பு சுத்தம் என்று இவர் பெருமைப்பட்டார்.

2019 ஜனவரியில் முதலாம் ஆண்டு. முதல் வாரத்திலேயே அவனுக்கு ஏழு நிறைந்தது. மற்றப் பெற்றோரைப் போல நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து நாற்காலிப் பையன் 2012 டிசம்பர் கடைசியில் பிறந்தவன், ஆறு முடிந்து சில நாள்தான் ஆகிறது. உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். அவனுடைய அம்மா என் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு வாரம் உள்ளயே இருந்திருக்கக் கூடாதா, அடுத்த வருஷம் வந்திருப்பான்" என்று புலம்பினாள். என் மகன் குனிந்து அந்தப் பையனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஜோசியர் சொன்ன கலெக்டர் வேலை இதுவாகவும் இருக்கலாம்.

கும்பகோணத்தில் மட்டும் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. என் அக்கா பிள்ளை, இவனைவிட ஒரு மாதம் சின்னவன், அப்போது இரண்டாம் வகுப்பு. "உன் பையன் ஃபெயிலாயிட்டானாமே?" என்று சித்தி கேட்டாள். போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்போது கூப்பிட்டாலும் பையன் பள்ளியில் இருக்கிறான். படிப்பில் மந்தம், லீவு நாளிலும் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

ஆகவே உறவினர்களுக்கு: எங்கள் கெடா மாநிலத்தில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். உங்களுக்கு ஞாயிறு காலை ஏழு என்றால் எங்களுக்கு ஒன்பதரை, பையன் வகுப்பில் இருப்பான். வெள்ளிக்கிழமை கூப்பிடவும்.