திரைச்சொல் இலக்கணம்: உயர்நிலைப் பள்ளி ஆங்கிலம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ்வழியில் படித்த ஒருவரை நள்ளிரவில் எழுப்பி, "ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சொல்லுங்கள்" என்று கேட்டால், வெளிவரக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று, 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' எனத் தொடங்கும் லீவ் லெட்டர். மற்றொன்று, 'பூஸ்ட் இஸ் த சீக்ரெட் ஆஃப் மை எனர்ஜி'. முன்னது நோயாளியின் கூற்று. பின்னது நோய் தீர்ந்தவரின் கூற்று.

முன்னதைக் கற்பிக்க அரசு ஆசிரியர்களை நியமித்தது; பாடநூல் அச்சிட்டது; காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு எனத் தேர்வு வைத்தது; தேறாதவர்களைப் பெஞ்சின் மேல் ஏற்றியது. பின்னதற்கு அரசுக்கு ஒரு காசு செலவில்லை. சத்துமாவு விற்ற கம்பெனியே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் லீவ் லெட்டரில் பிழை வரும். பூஸ்ட் வாக்கியத்தில் வராது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் ஆய்வுகள்

ஆங்கிலம் கற்கும் வழி குறித்துத் தமிழ்நாட்டில் மூன்று மரபுகள் நிலவின.

முதலாவது மாமா மரபு. ஊரிலிருந்து வரும் மாமா, சித்தப்பா, அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஆகியோர் இதன் ஆசிரியர்கள். "டெய்லி ஹிண்டு பேப்பர் படிடா, இங்கிலீஷ் தானா வரும்" என்பது இவர்களின் ஒரே நூற்பா. சொன்னவர்கள் அப்பேப்பரைப் படித்ததற்கு அகச்சான்றோ புறச்சான்றோ கிடைக்கவில்லை.

இரண்டாவது டியூஷன் மரபு. ரென் அண்ட் மார்ட்டின் எழுதிய இலக்கண நூல் இதன் மூலநூல். ரென் என்பார் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலையும் 1924இல் எழுதியவர். பாலைவனக் கோட்டையில் சிக்கிய படைவீரர்கள் படும் பாடு அந்நாவலில் வருகிறது. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றும் பயிற்சியில் தமிழ் மாணவர் பட்ட பாட்டையும் அவரே எழுதினார் எனலாம்.

மூன்றாவது முப்பது நாள் மரபு. முப்பது நாட்களில் ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொல்லும் நூல்கள் பேருந்து நிலையங்களில் விற்கப்பட்டன. முப்பத்தோராம் நாள் என்ன நடக்கும் என்பது குறித்து இந்நூல்கள் மௌனம் சாதிக்கின்றன.

இம்மூன்று மரபுகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கற்பவனுக்குக் கற்கும் எண்ணம் இருப்பதாக இவை கருதிக்கொண்டன. நாம் ஆராயப் புகும் நான்காம் மரபு அவ்வாறு எதையும் கருதிக்கொள்ளவில்லை.

3. களமும் காலமும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. மறு ஆண்டே தூர்தர்ஷனில் விளம்பரங்கள் வந்துவிட்டன. 1982இல் தேசிய ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, மாலையில் தமிழ் பேசிய பெட்டி இரவானதும் இந்திக்கு மாறியது. 1968 முதல் இருமொழிக் கொள்கை நடந்த மாநிலம் இது. அரசுப் பள்ளியில் இந்தி கிடையாது. எனவே இரவு நேரத் தமிழ்க் குடும்பம் முழுதும் புரியாத ஒரு மொழிக்கும் அரைகுறையாகப் புரிந்த ஒரு மொழிக்கும் நடுவே அமர்ந்திருந்தது. 1987இல் வந்த 'ராமாயண'த்தில் ராமன் பேசிய இந்தி, கதை ஏற்கெனவே தெரிந்ததால் புரிந்தது. இடைவேளையில் வந்த ஆங்கிலம், பொருளைக் கையில் பிடித்துக் காட்டியதால் புரிந்தது. பாடநூலோ கதையும் தெரியாமல் பொருளும் காட்டாமல் பேசிய ஒன்று.

டிவி எல்லார் வீட்டிலும் இல்லை. ஊராட்சி மன்றத்து டிவி, எதிர்வீட்டு டிவி, கடைவீதியில் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் சத்தமின்றி ஓடிய டிவி ஆகியவையே பலருக்கு வகுப்பறைகள். 2006 தேர்தலுக்குப் பின் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கி இக்கல்வியை வீடுதோறும் கொண்டுசேர்க்க முனைந்தது. ஆனால் 1993இல் சன் டிவி வந்ததிலிருந்தே விளம்பரங்கள் மெல்லத் தமிழ் பேசப் பழகியிருந்தன. கருவி வந்து சேர்ந்தபோது ஆசிரியர் மொழி மாறிவிட்டிருந்தார். கல்வித் திட்டங்களுக்கு இது புதிதன்று.

4. கோட்பாட்டு அடிப்படை

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். ஐந்தாவதாகத் 'திரைச்சொல்' என்றொரு வகையை இக்கட்டுரை முன்மொழிகிறது. எழுத்துத் தெரியும் முன் ஒலி பழகி, பொருள் தெரியும் முன் வாயில் ஏறி, தேவை ஏற்படும் முன் செலவாகிவிடும் சொல் திரைச்சொல் எனப்படும். திசைச்சொல் என்பதன் எழுத்துப்பிழை இது என்று கருதி மேற்பார்வையாளர்கள் திருத்த வேண்டாம்.

இக்கல்வி பலித்த காரணத்தைப் பவணந்தியாரிடம் காண்கிறோம். ஒரு நூலை இருமுறை கேட்டவனுக்கு அதில் பிழை பெரிதும் வராது. மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறர்க்கு உரைப்பான் என்பது நன்னூல் பொதுப்பாயிரத்தின் கருத்து. ஆங்கில ஆசிரியர் ஒரு பாடத்தை ஒருமுறை நடத்துவார், இரண்டாம் முறை கேட்டால் "அன்னைக்கு என்னடா பண்ணிட்டிருந்த?" என்பார். கிரிக்கெட் ஒளிபரப்பிலோ ஓவருக்கு ஓவர் அதே விளம்பரம் வந்தது. உணவு இடைவேளைக்கு முன்பே மாணவன் மும்முறை என்ற வரம்பைக் கடந்து, அடுத்தவனுக்குப் போதிக்கும் தகுதி பெற்றான். மாணாக்கரைப் பவணந்தியார் அன்னம், பசு முதல் எருமை, பன்னாடை வரை உவமித்தார். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் தந்தது நடுவிடம். விளம்பரக் கல்வியில் கிளிக்கே முதலிடம்.

5. தரவுகளும் பகுப்பாய்வும்

அ. மூவிடப் பெயர். பூஸ்ட் வாக்கியத்தைக் கபில்தேவ் தனியே சொன்னபோது 'மை எனர்ஜி'. சச்சின் டெண்டுல்கர் சேர்ந்த பிறகு 'அவர் எனர்ஜி'. தன்மை ஒருமையும் தன்மைப் பன்மையும் கரும்பலகையின்றி இவ்வளவு தெளிவாக எங்கும் விளக்கப்படவில்லை. ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. கேட்பவரைச் சேர்த்தால் 'நம்', விலக்கினால் 'எங்கள்' என்னும் வேறுபாடு தமிழில் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. டப்பா வாங்கிய வீடுகளில் இது 'நம் எனர்ஜி' என்றும், வாங்காத வீடுகளில் 'எங்கள் எனர்ஜி' என்றும் உரைகொள்ளப்பட்டிருக்க வேண்டும். 'சீக்ரெட்' என்பதற்குச் 'சிகரெட்' என்றொரு பாடபேதம் கடைசி பெஞ்சில் வழங்கியது. அது இடைச்செருகல்.

ஆ. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். 'ஐ லவ் யூ ரஸ்னா' என்று 80களில் ஒரு சிறுமி சொன்னாள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வரும் என்பதற்கு இதுவே மேற்கோள். இருபாலர் பள்ளி ஒன்றில் இவ்வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை உரக்கச் சொன்னவன் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படுவான். நான்காம் சொல்லையும் சேர்த்துச் சொன்னவன் தாகமெடுத்தவனாகக் கருதப்படுவான். விளிவேற்றுமையின் ஆற்றலை இதைவிட நன்றாக நிறுவ முடியாது.

இ. உடைமைப் பொருள். 'நெய்பர்ஸ் என்வி, ஓனர்ஸ் பிரைட்' என்பது ஒனிடா டிவியின் முழக்கம். கொம்பும் வாலும் வைத்த பிசாசு அதைச் சொன்னது. அபாஸ்ட்ரஃபி என்னும் மேற்காற்புள்ளியை எங்கே போடுவது என்று ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் திணறிய இடத்தில், இரண்டு எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வைத்து முடித்துவிட்டது பிசாசு. ஒளவையாரின் அழுக்காறு குறித்த அறிவுரைக்கு நேர் எதிரான கொள்கையுடையது என்பதால் நீதிபோதனை வகுப்பில் மட்டும் இதற்கு இடமில்லை.

ஈ. எண்ணுப்பெயரடை. 1983இல் இந்தியாவுக்கு வந்த மேகி, 'டூ மினிட்' நூடுல்ஸ் என்று தன்னை அழைத்துக்கொண்டது, 'மினிட்ஸ்' அன்று. எண்ணும் பெயரும் சேர்ந்து அடையாக வரும்போது பன்மை விகுதி கெடும் என்ற விதியை, பன்னிரண்டாம் வகுப்பிலும் பலர் தவறவிட்ட விதியை, பாக்கெட் சரியாகவே சொன்னது. இரண்டு நிமிடத்தில் அது வேகுமா என்பது இலக்கண ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

உ. எதிர்மறை. 1996 உலகக் கோப்பையின் அதிகாரபூர்வ பானமாகக் கோக்க-கோலா இருந்தது. பெப்சி, 'நத்திங் அஃபிஷியல் அபௌட் இட்' என்றது. எதிர்மறையைப் பெருமையாகச் சொல்லலாம் என்பதைத் தமிழ் மாணவன் அன்றுதான் அறிந்தான். அதுவரை அவன் அறிந்த அஃபிஷியல் ஒருவரே: இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் மாவட்டக் கல்வி அலுவலர்.

ஊ. சொற்றொகை. பாடநூல் கற்பித்த 'டி' வரிசைச் சொல் டஃபோடில். வேர்ட்ஸ்வொர்த் கண்டு மகிழ்ந்த அம்மலரைத் திருச்சி, மதுரை, நெல்லை வட்டாரங்களில் யாரும் கண்டதில்லை. விளம்பரம் கற்பித்த 'டி' வரிசைச் சொல் டேண்ட்ரஃப். அது அனைவர் தலையிலும் இருந்தது. கேவிட்டி, பிம்பிள், ஸ்டெயின், ஜெர்ம்ஸ் என உடம்பிலும் உடையிலும் உள்ள குறைகளுக்கெல்லாம் சொற்கள் குவிந்தன. தன் வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத மாணவன், தன் பல்லில் என்ன கேடு என்பதைத் துல்லியமாகச் சொல்லும் நிலையை எய்தினான்.

6. இசைத்தரவு

பாட்டின் பங்கு வேறு. விளம்பரம் வாக்கியம் தந்தது. சினிமாப் பாட்டு தனிச்சொற்களைத் தந்தது. 1982இல் வெளிவந்த 'சகலகலா வல்லவன்' படப் பாட்டு, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரலில், டிசம்பர் 31 நள்ளிரவுதோறும் ஊர் முழுவதையும் ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்ல வைக்கிறது. 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) படங்களுக்குப் பிறகு ஆங்கிலச் சொல்லின்றி ஒரு பாட்டு நடனமாடுவது அரிதாயிற்று.

இவ்வரலாற்றின் உச்சம் 2011 நவம்பரில் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி'. தனுஷ் எழுதிப் பாட, அனிருத் இசையமைத்தது. சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். இலக்கணம் முழுக்கத் தமிழ். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் மரபு. அம்மரபுக்கு அஞ்சி, இப்பாட்டில் ஆங்கிலச் சொற்கள் பலவும் உகரத்தை வாலாகச் சேர்த்துக்கொண்டு பணிவுடன் நடக்கின்றன. ஆங்கிலம் கற்கப் போன தமிழன் ஆங்கிலத்துக்குத் தமிழ் கற்பித்துத் திரும்பிய வரலாற்றுத் தருணம் இது. உலகம் முழுவதும் அதைப் பாடியது. அதற்காக எவருக்கும் மதிப்பெண் வழங்கப்படவில்லை.

7. குறைபாடுகள்

ஆய்வு நேர்மை கருதி இம்மரபின் குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். விளம்பர ஆங்கிலத்தில் இறந்தகாலம் அனேகமாக இல்லை. நேற்று வாங்கிய பொருளால் கம்பெனிக்குப் பயனில்லை. வருத்தம் இல்லை, மன்னிப்பு இல்லை. கேள்வி உண்டு, ஆனால் கேட்டவரே பதிலும் சொல்லிவிடுவார். ஏவலும் வியப்பும் மிகுதி. மறுபுறம் பள்ளி ஆங்கிலத்தில் பாஸிவ் வாய்ஸ், இன்டைரக்ட் ஸ்பீச், ஃபீவர் ஆகியவை மட்டுமே.

இரண்டையும் கற்றுத் தேர்ந்த மாணவன் சென்னை சென்ட்ரலில் வந்திறங்கி, தமிழ் தெரியாத ஒருவரிடம் வழி கேட்க நேர்ந்தபோது, அவனிடம் ஒரு விண்ணப்பமும் ஒரு முழக்கமும் இருந்தன. வழி கேட்கும் வாக்கியம் இரண்டிலும் இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வாயைத் திறக்கும் துணிவு அவனுக்கு முழக்கத்திடமிருந்து வந்ததே தவிர விண்ணப்பத்திடமிருந்து வரவில்லை. பிழைக்கு அடி விழாத ஓர் இடத்தில் ஆங்கிலத்தை அவன் உரக்கச் சொல்லிப் பார்த்திருந்தான். பள்ளியில் அப்படி ஓர் இடம் இல்லை.

8. முடிவும் பரிந்துரையும்

கல்வித்துறை இம்மரபைக் கடைசியில் அங்கீகரித்துவிட்டது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், கொடுத்த குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் ஒன்று தயாரிக்கச் சொல்லும் கேள்வி இப்போது உண்டு; மதிப்பெண் 5. விளைவு எதிர்பார்த்ததே. கைடுகளில் மாதிரி விடை அச்சாகிறது. நட்சத்திரம் எங்கே வரைய வேண்டும், தள்ளுபடியை எத்தனை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பதெல்லாம் டியூஷனில் சொல்லித் தரப்படுகின்றன. மாணவர்கள் விளம்பரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பூஸ்ட் வாக்கியத்தை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. எனவே யாரும் மறக்கவில்லை.

ஆகவே பாடத்திட்டக் குழுவினருக்கு இக்கட்டுரையாளரின் பரிந்துரை ஒன்றே ஒன்று: விளம்பரத்தை எடுத்துக்கொண்டீர்கள், போகட்டும். சினிமாப் பாட்டையாவது விட்டுவையுங்கள்.