டாக்டரம்மாவின் கேமரா

"ஷட்டர் கவுண்ட் பார்த்தீங்களா மாமா?"

போன வெள்ளிக்கிழமை பழைய ஜூம் கேமரா ஒன்று வாங்கியதிலிருந்து இதைப் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். மச்சினன் மகன் கேட்டான், சரி, படிக்கிற பிள்ளை. டீக்கடை மாஸ்டர்கூட கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்கிறார். நாற்பது வருஷமாக எந்தச் சாமானுக்கும் ரசீதுகூடக் கேட்காத ஊர் இது. இந்த ஜூம் கேமராக்களில் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க உருப்படியான வழி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் டாக்டரம்மா விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

விற்றவர் எங்கள் திருத்தணிக்கு வடக்கே, ஆந்திராவில் நகரிப் பக்கம். கேமராவைத் துணிப்பையிலிருந்து எடுக்கும்போதே, "டாக்டரம்மா வாடிந்தி சார். லேடி டாக்டர். சிங்கிள் ஹேண்ட்" என்றார்.

நான் இதுவரை வாங்கிய பழைய சாமான் அத்தனையும் ஒரு லேடி டாக்டருடையதுதான். முதலில் மொபெட். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியதாம். சீட்டைத் திறந்தால் மாட்டுத் தீவன வாசனை. கால்நடை டாக்டராக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்தது ஃபிரிட்ஜ், தண்ணீர் பாட்டிலைத் தவிர எதையும் வைக்காத அம்மாள். கிரைண்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாவாட்டினார். தையல் மிஷின், இன்வெர்ட்டர், இரண்டு கதவு பீரோ. பீரோவில் என்ன சிங்கிள் ஹேண்ட் என்று கேட்டேன். ஒரே கையால்தான் திறப்பார்களாம். காலையில் மாவாட்டி, மத்தியானம் ரவிக்கை தைத்து, சாயங்காலம் மொபெட்டில் போய் வந்த இந்த அம்மாள் எந்த நேரத்தில் நாடி பிடித்தார்? ஆண் டாக்டர்கள் ஒரு சாமானும் விற்பதில்லையே, ஏன்? ஒரு கணக்கு வாத்தியார் வைத்திருந்தது என்று சொல்லுங்கள், ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன். அவராவது கணக்கு எழுதி வைத்திருப்பார். ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியை ஆந்திராவிடமிருந்து மீட்டார்கள். மலை வந்தது, முருகன் வந்தார், ஊர்கள் வந்தன. லேடி டாக்டரை மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவில் விட்டுவிட்டார்கள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஷட்டர்.

கல்யாண வீட்டில் தோளில் மாட்டி வருகிறார்களே, அந்தப் பெரிய கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் திரை மாதிரி ஷட்டர் இருக்கும். லட்சம், ஒன்றரை லட்சம் படம் தாங்கும் என்று கம்பெனியே கணக்குச் சொல்லும். அங்கே எண்ணிக்கை கேட்பதில் நியாயம் உண்டு. 2015-ல் நிக்கான் பி900 வந்து, 83 மடங்கு ஜூமில் சந்திரனின் பள்ளத்தைக் காட்டி என்னைப் போன்றவர்களைக் கெடுத்தது. அந்த ஜாதிக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பொடி சமாசாரம். அது சாகிறதற்குள் மோட்டார் சாகும், பல்சக்கரம் சாகும், குழல் நீண்டு சுருங்கும்போதெல்லாம் தூசி உள்ளே போகும். பல மாடல்களில் ஷட்டர் எண்ணிக்கை படத்தில் பதிவாவதே கிடையாது. இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன்? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?" என்றேன்.

அவர் கடைசிப் படத்தின் நம்பரைக் காட்டினார். 0412. "நானூத்திப் பன்னெண்டே படம் சார்!"

அந்த நாலு இலக்கம் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்கு வந்துவிடும். மெனுவில் நம்பரை ரீசெட் செய்தாலும் வந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து, ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே வழியில், வெளிச்சத்தில் வைத்து உடம்பைப் பார்த்தேன். ஜூம் நெம்புகோலில் ஒரு பக்கத்து எழுத்து தேய்ந்தே போயிருந்தது. பிடிமான ரப்பர், பழைய செருப்பின் குதிகால் மாதிரி பளபளத்தது. பட்டனுக்கும் உடம்புக்கும் நடுவே சந்தனம், காய்ந்து வெடித்துப்போயிருந்தது. குழல் நீளும் வளையத்து இடுக்கில் குண்டூசியை விட்டு நெம்பினால், பொடிப் பொடியாகக் கறுப்பாக ஏதோ வந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மயிர். மழித்த மயிர். டாக்டரம்மா கிளினிக் போகவில்லை. வருஷக்கணக்கில் ஏதோ ஒரு மலைக்கோயிலில் குழந்தைகளுக்கு மொட்டை போடுவதைப் படமெடுத்துப் பிழைத்திருக்கிறார்.

சரி, ஓட்டிப் பார்ப்போமே என்று மறுநாள் காலையில் முருகன் கோயில் படியேறினேன். நாளைக்கு ஒரு படி என்று 365 படி. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூஜை நடக்கும். அந்த எண்ணிக்கையை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கேமராவைத்தான் கேட்பார்கள். வீம்புக்கு நானே எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு குரங்கு கேமரா வாரைப் பிடித்து இழுத்தது. அதோடு கணக்கு போயிற்று.

மேலே நின்று, வடக்கே நகரி மலையின் மூக்கைப் பார்த்து ஜூமைத் தள்ளினேன். அந்தக் காலத்தில் கடலில் வந்த கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்த மூக்கு. கிர்ர்ர் என்று குழல் முழு நீளத்துக்கு வந்தது. அப்புறம் நற நற என்று ஒரு சத்தம். மூக்கு தெரியவில்லை, திரை இருட்டு. குழல் உள்ளே போக மறுத்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். முருகா என்றேன். ஊஹும்.

தூசி படாமல் துண்டால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். நடக்க நடக்கக் குலுங்கக் கூடாதே என்று ஒரு கையால் தட்டிக்கொடுத்தபடியே வந்திருக்கிறேன்போல. மொட்டை போடும் இடத்தைத் தாண்டும்போது ஒருவர் வழிமறித்தார்.

"பேரனுக்கு மொட்டையா சார்? டோக்கன் அந்தப் பக்கம்."

எட்டிப் பார்த்தேன். வரிசை சின்னதாகத்தான் இருந்தது.