பதினான்கு கொலைகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு தொட்டிகள். ஆறு செம்பருத்தி, மிச்சம் நந்தியாவட்டை, இட்லிப்பூ, நோஞ்சானாக ஒரு ரோஜா. அம்மாவுக்குத் தினமும் பிள்ளையாருக்கு வைக்க ஒரு சிவப்புப் பூ வேண்டும். அதற்காக ஆரம்பித்ததுதான். எனக்குத் தோட்டக்கலை தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

மாசிக் கடைசியில் ஒரு மொட்டின் காம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா அரிசி மாவில் கோலம் போட்டுவிட்டுக் கையை உதறியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாக் காம்பிலும் மாவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, அந்த மாவு மெதுவாக நகர்ந்தது.

இதற்கிடையில் கீழ் இலைகளில் கறுப்பாகப் படிந்திருந்ததைப் பஸ் புகை என்று முடிவு கட்டி, ஈரத் துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கும்போது கை பிசுபிசுத்தது. பஸ் புகை பிசுபிசுக்காது என்பது ஐம்பத்திரண்டு வயதில் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

நர்சரிக்காரர் பூச்சியின் பெயரைச் சொன்னார்: மாவுப்பூச்சி. மருந்தும் சொன்னார்: “லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய்ணே. சோப்புத் தண்ணி கொஞ்சம் விட்டு நல்லா கலக்கி, வெயில் தாழ அடிங்க.” என் காதில் ‘அஞ்சு மில்லி வேப்பெண்ணெய்’ மட்டும் விழுந்தது. சோப்பைக் கழுவுவதற்கான சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன்.

சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது. ஸ்பிரேயரில் அது மேலே மிதந்துகொண்டிருக்க, குழாய் அடியிலிருந்து தண்ணீரை மட்டும் உறிஞ்சியது. முதல் பத்துத் தொட்டிகளுக்கும் நான் பயபக்தியோடு அடித்தது வெறும் தண்ணீர். பதினோராவதாக நின்ற ரோஜாவுக்கு மொத்த எண்ணெயும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அது பொரித்த அப்பளம்போல நின்றது. இத்தனைக்கும் ரோஜாவில் பூச்சியே இல்லை.

பிழையைத் திருத்திக்கொள்கிறவன் நான். அடுத்த முறை சோப்பை விட்டேன். பாத்திரம் தேய்க்கிற திரவம், கண்ணளவு. சித்திரை மாதம், மதுரை, பகல் பன்னிரண்டு மணி. செம்பருத்தி இலைகளின் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டன. மாவுப்பூச்சிகள் குளித்துவிட்டு வந்தவைபோல் இருந்தன. அவற்றின் உடம்பில் இருக்கும் வெள்ளை, மெழுகு. மேலோட்டமாகத் தெளிப்பது அதன் மேல் வழிந்து ஓடிவிடும்.

அப்புறம் கவாத்து. பூச்சி அப்பிய கிளைகளை எல்லாம் வெட்டினேன். நல்ல வேலைதான், வெட்டியதை உடனே பையில் கட்டிக் கீழே கொண்டுபோயிருந்தால். எனக்கு முழங்கால் வலி. நாளைக்குப் பார்க்கலாம் என்று நந்தியாவட்டைத் தொட்டியோரம் குவித்தேன். நாளை நாலு நாளானது. அதற்குள் குஞ்சுகள் எல்லாம் நந்தியாவட்டைக்குக் குடிபோய்விட்டன.

இதன் பிறகுதான் நான் ஆயுதங்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைகளால் இறங்கினேன். தினமும் காலையில் காபிக்கு முன் அரை மணி நேரம், பழைய டூத் பிரஷ், ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர். உண்மையில் இதுதான் பலன் கொடுத்தது. ஒரு வாரத்தில் பாதி குறைந்தது. என் நடையே மாறிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்.

அந்தத் திமிரில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலைக்கு அடியில் ராட்சசப் பூச்சி ஒன்றைக் கண்டேன். சாதாரண மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். இது அதைப்போல மூன்று மடங்கு. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகள், சடைபோலத் தொங்கின. கூட்டத்துக்குத் தலைவன், சந்தேகமே இல்லை. பிரஷ் பட்டதும் விறுவிறுவென்று ஓடியது. விடவில்லை. கட்டைவிரல் நகத்தால் நசுக்கினேன். தேடத் தேட இன்னும் இருந்தன. மொத்தம் பதினான்கு. நியூஸ்பேப்பரில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து, வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் தங்கை மகளுக்கு அனுப்பினேன். ‘எப்படி?’ என்று கீழே ஒரு வரி வேறு.

உடனே போன் வந்தது.

“மாமா, பிடிக்கும்போது இது வேகமா ஓடுச்சா?”

“ஓடுச்சு ஓடுச்சு. விடுவேனா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மாவுப்பூச்சி இப்படி ஓடாது மாமா.”

அது ஒரு பொறிவண்டின் புழுவாம். மாவுப்பூச்சியைத் தின்பதே அதற்குத் தொழில். மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, முட்டை முதல் தாய்வரை தின்று தீர்க்குமாம். கிரிப்டோலேமஸ் என்று பெயர். பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1898-ல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் அது பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவிலேயே தங்கி, மாவுப்பூச்சியைத் தின்று பிழைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கித் தோட்டங்களில் விடுகிறார்களாம். எனக்கு இலவசமாக வந்திருந்தது. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் வெயிலைத் தாங்கிய வம்சத்தின் ஒரு கிளை, என் மாடியில் ஒரே காலையில் பூண்டோடு போயிற்று.

2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து இறங்கியதையும், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து அதை அடக்கியதையும் அவள் சொன்னாள். ஆறுதலுக்காகச் சொன்னாளா, குத்திக்காட்டவா, தெரியவில்லை. நான் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எறும்பு இருக்கா மாமா?”

இருந்தது. தண்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இரட்டை வரிசை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புப் பசையைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. குடித்ததற்கு நன்றியாக, அதைத் தின்ன வரும் வண்டையும் குளவியையும் விரட்டிக் காவல் காக்கிறது. சிந்திய பசையில்தான் கரும்பூஞ்சை படர்கிறது. அதைத்தான் நான் பஸ் புகை என்று துடைத்தது. எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது என்றாள்.

எறும்பை நிறுத்துவதில் வீட்டுச் சிக்கல் ஒன்று இருந்தது. எறும்புக்கென்றே அம்மா தினமும் மாடியில் அரிசி மாவு போடுகிறார். “வாயில்லா ஜீவன்டா, புண்ணியம்” என்பார். எண்பது வயதுப் புண்ணியத்தில் குறுக்கே விழ எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பாட்டி காலத்துச் சாப்பாட்டு அலமாரியை நினைத்துக்கொண்டேன். அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பார்கள். தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, நாலு காலுக்கும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாள் எறும்பு வரவில்லை. மூன்றாம் நாள் மறுபடி இரட்டை வரிசை. அகழியெல்லாம் சரி, ஒரு கிளை மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. அது பாலம். அதைக் கவனித்தது நானல்ல, அம்மா.

“எறும்பெல்லாம் இப்ப இந்தச் சுவரு வழியாத்தான் வருதுடா. நல்லதாப் போச்சு, இனிமே குனிய வேண்டியதில்ல” என்று சொல்லி, சுவர்மேலேயே மாவைத் தூவினார்.

மறுநாள் பூஜை அறையில் பிள்ளையார் தலையில் ஒரு செம்பருத்தி. முந்தின நாள்தான் அந்தக் கிளையை வெட்டியிருந்தேன். மூன்று மாதத்தில் உருப்படியாக விரிந்த பெரிய பூ. கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். பூவின் காம்பிலிருந்து ஒரு எறும்பு இறங்கி, துதிக்கை வழியாகக் கொழுக்கட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.